டைட்டானியம் பிரேமிலிருந்து காம்போசிட் ஏன் கழன்று வருகிறது, எப்படி ஒட்டினால் நிற்கும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடையில் நான்கு இம்ப்ளாண்டுகளின் (எலும்பில் பதித்த செயற்கைப் பல்வேர்களின்) மேல் ஸ்க்ரூ போட்டு நிறுத்திய டைட்டானியம் பிரேம், அதன் மேல் லேபில் பல் வடிவில் கட்டிய காம்போசிட், அதாவது பல் நிறப் பிசின். முன்பல் ஒன்றில் காம்போசிட் பெயர்ந்து, உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. நீங்கள் வாயிலேயே வைத்து 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்டை 30 நொடி போட்டு, கழுவி, வழக்கமாகப் பல்லுக்குப் போடும் பாண்டை (ஒட்டுத் திரவத்தை) தடவி, ஒபேக்கும் (உலோக நிறத்தை மறைக்கும் வெள்ளைப் பூச்சும்) காம்போசிட்டும் வைத்துச் சரிசெய்தீர்கள். மூன்றே வாரத்தில் முழுத் துண்டாகக் கழன்று வந்துவிட்டது. 'டைட்டானியத்துக்கு எந்தப் பிரைமர் வாங்குவது?' என்று கேட்டிருக்கிறீர்கள்; பிரைமர் என்பது ஒட்டுவதற்கு முன் பரப்பில் தடவும் திரவம். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒட்டு எந்த அடுக்கில் விட்டது, ஏன் விட்டது? அது தெரியாமல் பாட்டிலை மட்டும் மாற்றினால் மூன்று வாரம் மூன்று மாதமாக நீளலாம், அவ்வளவுதான்.

கழன்று வந்த துண்டைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதை நல்ல வெளிச்சத்தில், லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) இருந்தால் போட்டுக்கொண்டு, உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிரேமில் உலோகம் வெறுமையாக நிற்க, ஒபேக்கின் வெள்ளை முழுவதும் துண்டோடு வந்திருந்தால், உலோகத்தில் ஒட்டே உருவாகவில்லை என்று பொருள். பிரேமிலும் வெள்ளை, துண்டிலும் வெள்ளை என்று ஒபேக் நடுவில் பிளந்திருந்தால், ஒபேக் உள்ளே இறுகவில்லை. தடிமனாகப் போட்டதால், அதை இறுக்கும் ஒளி அடிவரை இறங்கவில்லை. ஒபேக் பிரேமிலேயே நின்று, காம்போசிட் மட்டும் உடைந்து வந்திருந்தால் ஒட்டில் குறையில்லை. கடியிலோ, காம்போசிட்டின் தடிமனிலோ, பிரேமின் வடிவத்திலோதான் குறை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை என்றே தோன்றுகிறது. துண்டைப் பார்த்து நீங்கள்தான் உறுதிசெய்ய வேண்டும்.

முதல் வகை ஏன் நடக்கிறது? டைட்டானியம் காற்றுப் பட்ட மறுகணமே தன்மேல் ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் கெட்டியானது. அரம் வைத்துத் தேய்த்தாலும் அடுத்த கணம் மறுபடி வந்துவிடும். எலும்போடு டைட்டானியம் ஒத்துப்போவதும், வாயில் துருப்பிடிக்காமல் இருப்பதும் இந்தத் தோலால்தான். ஆகவே நாம் எதை ஒட்டினாலும் அது உலோகத்தில் ஒட்டுவதில்லை, இந்த ஆக்சைடில்தான் ஒட்டுகிறது. பல்லுக்கான சாதாரண பாண்டில் இந்த ஆக்சைடைப் பிடிக்கும் கை எதுவும் கிடையாது. அது எனாமலின் குழிகளிலும், அதன் அடியிலுள்ள டென்டினின் கொலாஜன் வலையிலும் ஊறிப் பிடித்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. வழவழப்பான உலோகத்தின் மேல் அது காய்ந்து படிந்த ஒரு படலம், வேறொன்றுமில்லை.

டைட்டானியம் ஆக்சைடை நன்றாகப் பிடிப்பது பாஸ்பேட். 10-எம்.டி.பி. என்ற மோனோமரின் (பிசினாக இணையும் சிறு மூலக்கூறின்) ஒரு முனையில் பாஸ்பேட், மறுமுனையில் காம்போசிட்டோடு சேர்ந்து இறுகும் மெத்தாக்ரிலேட், நடுவில் பத்து கார்பன் கொண்ட நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலி தண்ணீரை விலக்கும் என்பதால் எச்சிலில் வருடக்கணக்காக ஊறும்போதும் பிணைப்பு சுலபத்தில் அறுவதில்லை. குராரே நிறுவனம் 1981-ல் உருவாக்கிய இந்த மோனோமர் 1983-ல் பானாவியா சிமென்டில் வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு இன்று பல நிறுவனங்களின் பிரைமர்களிலும் யுனிவர்சல் பாண்டுகளிலும் இருக்கிறது.

இப்போது நீங்கள் போட்ட பாஸ்பாரிக் ஆசிட்டுக்கு வருவோம். 30 நொடியில் அது டைட்டானியத்தை அரிக்காது, குழி எதையும் உண்டாக்காது. ஆனால் தன்னிடமுள்ள பாஸ்பேட்டை அந்த ஆக்சைடின் மேல் உட்கார வைத்துவிட்டுப் போகும். தண்ணீரில் கழுவினால் அது முழுதாக எழுந்து போவதில்லை. எம்.டி.பி. வந்து உட்கார வேண்டிய இடத்தில் ஏற்கெனவே வேறு ஆள் உட்கார்ந்திருக்கிற நிலைமை. எச்சிலும் இதையே செய்யும். அதிலும் பாஸ்பேட் இருக்கிறது, கூடவே புரதமும். இந்தப் போட்டி சிர்கோனியா என்ற பல் செராமிக்கில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். டைட்டானியத்திலும் பிணைப்பின் வேதியியல் அதே வகை என்பதால் அதே விதியைக் கடைப்பிடிப்பதுதான் பாதுகாப்பு: திறந்த டைட்டானியத்தின் மேல் பாஸ்பாரிக் ஆசிட் வேண்டாம். தவறிப் பட்டுவிட்டால் அந்த இடத்தை மறுபடி சாண்ட்பிளாஸ்ட் செய்யுங்கள், அதாவது காற்றழுத்தத்தில் நுண்மணலை அடியுங்கள்.

பிரைமர் விஷயத்தில் இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சிலேன் என்ற இணைப்புத் திரவம் சிலிக்காவைப் பிடிக்கத்தான். போர்சலினுக்கும் லித்தியம் டைசிலிகேட் செராமிக்குக்கும் காம்போசிட்டில் உள்ள கண்ணாடித் துகளுக்கும் அது சரி. வெறும் டைட்டானியத்தில் சிலேன் மட்டும் போட்டால் முதல் நாள் ஒட்டினாற்போல இருக்கும், தண்ணீரில் ஊற ஊற விட்டுவிடும். தங்கம், பல்லேடியம் போன்ற உயர் உலோகங்களுக்குக் கந்தகம் சேர்ந்த மோனோமர் வேண்டும். அது மட்டும் உள்ள பிரைமர் டைட்டானியத்துக்குப் பயன்படாது. ஆலாய் பிரைமர், மோனோபாண்ட் பிளஸ் போன்றவற்றில் பாஸ்பேட்டும் கந்தக மோனோமரும் சேர்ந்தே இருப்பதால் இரண்டு வகை உலோகத்துக்கும் போடலாம். 4-மெட்டா என்ற மோனோமர் உள்ள சூப்பர்பாண்ட் வகையும் டைட்டானியத்தைப் பிடிக்கும். ஆகவே பாட்டிலில் பார்க்க வேண்டியது எம்.டி.பி. அல்லது அதற்கு இணையான பாஸ்பேட் மோனோமர் இருக்கிறதா என்பதை. 'மெட்டல் பிரைமர்' என்று அட்டையில் எழுதியிருப்பது மட்டும் போதாது.

பிரைமரைவிடப் பெரிய வேலை அதற்கு முந்தைய சாண்ட்பிளாஸ்டிங்கில் இருக்கிறது. பல லேப்களில் கவனக்குறைவு நடக்கும் இடமும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 50 மைக்ரான் வெள்ளை அலுமினா மணல், 2 முதல் 2.5 பார் அழுத்தம், நாசில் முனையிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் தூரம், சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 15 நொடி. நாசிலை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நேர் செங்குத்தாகப் பிடிக்காமல் சுமார் 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். டைட்டானியம் கோபால்ட்-குரோமை விட மென்மையானது; நேராக அடித்தால் அலுமினாத் துகள்கள் உலோகத்துக்குள் குத்திக்கொண்டு நின்றுவிடும். கொஞ்சம் பதிவதைத் தவிர்க்க முடியாது, அதனால் கேடும் பெரிதாக இல்லை, எம்.டி.பி. அலுமினாவையும் பிடிக்கும். ஆனால் அரைகுறையாகக் குத்தி நிற்கும் துகள் பின்னால் தன் மேல் ஒட்டியதையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். '4 பாரில் அடித்தால் இன்னும் சொரசொரப்பாகும்' என்று அழுத்தத்தை ஏற்றுவது இந்தக் காரணத்தாலேயே தவறு. மெல்லிய விளிம்புகளும் அதில் வளையும்.

மணல் புதியதாக இருக்கட்டும். ஒருமுறை அடித்த மணலைச் சேர்த்து மறுபடி போடும் பெட்டியில் முனை மழுங்கிய துகள், ஜிப்சம் தூள், முன்பு அடித்த கோபால்ட்-குரோமின் பொடி எல்லாம் கலந்திருக்கும். அதை டைட்டானியத்தில் அடிப்பது அழுக்கை அறைந்து பூசுவதற்குச் சமம். நாசிலின் துளையும் தேயும். துளை விரிந்தால் அளவுமானி 2 பார் என்று காட்டினாலும் துகளின் வேகம் குறைந்துவிடும். அடிப்பதற்கு முன் ஒட்ட வேண்டிய பரப்பு முழுவதும் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு எங்கும் மிச்சமில்லாமல் போனால் பரப்பு முழுதும் அடிபட்டது என்று தெரியும். சரியாக அடிபட்ட டைட்டானியம் சீரான மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது எங்காவது மினுக்கினால் அந்த இடத்தில் இன்னும் வேலை இருக்கிறது.

கம்ப்ரஸர் காற்றையும் சந்தேகப்படுங்கள். சென்னை மாதிரி ஈரப்பதமான ஊர்களில் குழாயில் தண்ணீர் சேரும். எண்ணெய் போட்டு ஓடும் கம்ப்ரஸர் என்றால் எண்ணெய் ஆவியும் வரும். சுத்தமான கண்ணாடித் துண்டு ஒன்றை நாசிலுக்கு நேரே பிடித்து, மணல் இல்லாமல் வெறும் காற்றை அரை நிமிடம் அடித்துப் பாருங்கள். அதில் பனித்தாற்போலவோ பிசுக்காகவோ படிந்தால், எவ்வளவு விலையுள்ள பிரைமரை மேலே போட்டாலும் காப்பாற்றாது. டிரையரையும் ஃபில்டரையும் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை.

பிரேம் எப்படிச் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். டைட்டானியம் டிஸ்கிலிருந்து மில்லிங் செய்ததில் (கடைந்தெடுத்ததில்) கூலன்ட் எண்ணெய் மிச்சம் இருக்கும். லேசரில் பொடியை உருக்கி அச்சிட்டதில் பாதி உருகிய மணிகள் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றை முதலில் எடுத்தாக வேண்டும். வார்த்த டைட்டானியம் என்றால், உருகிய உலோகம் அச்சு மண்ணோடு வினைபுரிந்து மேலே ஒரு கடினமான, நொறுங்கும் அடுக்கு உருவாகியிருக்கும். அதை முழுதாகத் தேய்த்து எடுக்காமல் ஒட்டினால் ஒட்டு நிற்கும், அந்த அடுக்கு பிரேமை விட்டு உரிந்து வரும். தேய்க்கும்போது குறுக்கு வெட்டுள்ள கார்பைடு பர் (சுழலும் தேய்ப்பு முனை), குறைந்த வேகம், மெல்லிய அழுத்தம், ஒரே திசை. டைட்டானியம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் சூடேறி, உலோகம் மடிந்து, மடிப்புக்குள் தூள் சிக்கிக்கொள்ளும்.

சாண்ட்பிளாஸ்ட் முடிந்ததும் என்ன செய்வது என்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டையும் கலக்கக் கூடாது. வெறும் அலுமினா அடித்திருந்தால், ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அல்லது எத்தனாலில் ஐந்து நிமிடம் அல்ட்ராசோனிக்கில் வைத்து, எண்ணெயில்லாத காற்றில் உலர்த்துங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு வடிநீர் விட்டுப் பாருங்கள். சுத்தமான பரப்பில் சொட்டு உடனே பரவிப் படலமாகும். முத்தாகத் திரண்டு நின்றால் எங்கோ பிசுக்கு இருக்கிறது. அந்தத் தண்ணீரை நன்றாக உலர்த்திவிட்டு மேலே போகலாம். சிலிக்கா பூசிய மணலை, அதாவது கோஜெட் வகை 30 மைக்ரான் மணலை அடித்திருந்தால் கதை வேறு. அந்தத் துகள் மோதும் வேகத்தில் சிலிக்கா உலோகத்தின் மேல் பதிகிறது, பிறகு சிலேன் அந்தச் சிலிக்காவைப் பிடிக்கிறது. இங்கே ஸ்டீம் கிளீனரும் வேண்டாம், அல்ட்ராசோனிக்கும் வேண்டாம், தண்ணீரில் கழுவவும் வேண்டாம். உலர்ந்த காற்றால் தளர்ந்த தூளை ஊதிவிட்டு நேராகச் சிலேன் போட வேண்டும். சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து, இப்போதுதான் பூசிய சிலிக்காவையே கழுவிவிடுகிற தவறு அடிக்கடி நடக்கிறது. சிலேனை ஐந்து நிமிடம் விட்டு ஆவியாக விடுங்கள். சிலேன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், தெளிவாக இருக்க வேண்டும். பால் போல் கலங்கியிருந்தால் அது தனக்குள்ளேயே பிணைந்து செத்துவிட்டது.

சுத்தமான பரப்பை விரலால் தொடாதீர்கள், கிளவுஸ் போட்ட விரலாலும் வேண்டாம். இடுக்கியால் பிடியுங்கள். எம்.டி.பி. பிரைமரை அன்றே, அப்போதே போடுங்கள், நாளைக்கு என்று டப்பாவில் வைக்க வேண்டாம். மெல்லிய ஒரு படலம் போதும். மோனோபாண்ட் பிளஸ் என்றால் 60 நொடி விட்டு ஊதி உலர்த்த வேண்டும், மற்றவற்றுக்கு அந்தந்தத் தாளில் உள்ள நேரம். தாராளமாக ஊற்றித் தேங்க விட்டால் கெடுதல்தான். இந்த மோனோமர்கள் அமிலத்தன்மை உள்ளவை. தேங்கிய அமிலம், தானாக இறுகும் ரெசினில் (பிசினில்) இறுக்கத்தைத் தூண்டும் அமீனை முறித்துவிடும், ரெசின் அடியில் பச்சையாகவே நின்றுவிடும். சில யுனிவர்சல் பாண்டுகளை, ஒளியிலும் தானாகவும் இறுகும் டூயல் கியூர் சிமென்டோடு சேர்க்கும்போது தனி ஆக்டிவேட்டர் கேட்பதும் இதனால்தான்.

அடுத்து ஒபேக். டைட்டானியத்தின் சாம்பல் நிறம் மேலே தெரியாமல் மறைக்க வேண்டும், ஆனால் மறைக்கும் பொருள் ஒளியையும் மறைக்கும். ஒபேக்கின் வெள்ளைக்குப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு நிறமியைத்தான் சேர்க்கிறார்கள். உலோகத்தின் தோலாக இருக்கும் அதே பொருள், இங்கே தூளாக. ஒரே தடிமனான பூச்சில் மறைக்கப் பார்த்தால் மேல்பக்கம் கல் போல் இறுகி அடிப்பக்கம் கூழாக இருக்கும். பல்லில் என்றால் பின்பக்கத்திலிருந்தாவது கொஞ்சம் ஒளி ஊடுருவும். உலோகத்தின் வழியாக எதுவும் வராது. முதல் பூச்சில் சாம்பல் கொஞ்சம் தெரியட்டும், பரவாயில்லை. அதைத் தூரிகையால் குழிகளுக்குள் இறங்கும்படி அழுத்தித் தேய்த்து, முழு நேரமும் லைட் காட்டுங்கள். பிறகு இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. ஒபேக்கின் மேலுள்ள பிசுபிசுப்பைத் துடைக்காதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனால் இறுகாமல் நிற்கும் அந்த அடுக்கில்தான் அடுத்த அடுக்கு பிணையும். கடைசிக் காம்போசிட் அடுக்குக்கு மட்டும் மேலே கிளிசரின் ஜெல் தடவி லைட் காட்டினால் வெளிப்பரப்பு முழுதாக இறுகும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் சிலருக்குக் கழன்று வருகிறது. அங்கேதான் உலோகத்துக்கும் காம்போசிட்டுக்கும் உள்ள குண வேறுபாடு வருகிறது. டைட்டானியம் ஒரு டிகிரி சூட்டுக்கு மில்லியனில் சுமார் 9 பங்கு விரியும், காம்போசிட் வகையைப் பொறுத்து 25 முதல் 40 பங்கு வரை விரியும். பத்து மில்லிமீட்டர் நீளத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரின் 5 டிகிரியிலிருந்து சூடான காபியின் 55 டிகிரிக்கு ஏறும்போது டைட்டானியம் நாலரை மைக்ரான் விரிகிறது; 30 பங்கு விரியும் காம்போசிட் 15 மைக்ரான் விரியப் பார்க்கிறது. நடுவிலுள்ள பத்தரை மைக்ரான் இழுவையை ஒட்டுதான் தாங்க வேண்டும், தினமும் பலமுறை. காம்போசிட் இறுகும்போதே சுருங்குவதால் உண்டான இழுவையும் இதோடு சேரும்.

அதைவிட முக்கியம் வளைதல். டைட்டானியத்தின் விறைப்பு கோபால்ட்-குரோமில் ஏறக்குறைய பாதிதான்: சுமார் 105 முதல் 110 கிகாபாஸ்கல், அதற்கு எதிரே 200-க்கு மேல். அதே தடிமனில் செய்தால் டைட்டானியம் பிரேம் இரண்டு மடங்கு வளையும். கோபால்ட்-குரோமில் 1 மில்லிமீட்டர் போதுமான இடத்தில், அதே விறைப்புக்கு டைட்டானியத்தில் சுமார் 1.26 மில்லிமீட்டர் வேண்டும். வளைவு தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால் வரும் கணக்கு அது. உங்கள் பிரேம் நான்கு இம்ப்ளாண்டின் மேல் நின்று, பின்னால் இரண்டு பக்கமும் தொங்கலாக நீள்கிறது என்றால், நோயாளி கடைவாயில் கடிக்கும்போது பிரேம் முழுவதும் மெல்ல நெளியும். மேலே இருக்கும் காம்போசிட் அதோடு சேர்ந்து நெளிய முடியாமல் விளிம்பிலிருந்து உரிய ஆரம்பிக்கும். ஒட்டு நேர் இழுப்பைவிட உரிப்பில்தான் சீக்கிரம் தோற்கும்.

ஆகவே ரசாயன ஒட்டை மட்டும் நம்பிப் பிரேம் வடிவமைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காம்போசிட் பிடித்துக்கொள்ள உலோகத்தில் மணிகளோ, பள்ளமோ, உட்சரிவோ இருக்க வேண்டும். காம்போசிட் முடியும் விளிம்பு மெலிந்து கத்திமுனையாக ஓடக் கூடாது. தெளிவான படி இருந்து, அங்கே குறைந்தது 1 மில்லிமீட்டர் தடிமனாவது நிற்க வேண்டும். வெட்டும் விளிம்புக்கு அடியில் உலோகம் தாங்க வேண்டும், தாங்கல் இல்லாத காம்போசிட் 2 மில்லிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரேமின் முன்பக்கம் மொழுமொழுவென்று வழுக்குகிறதா, பிடிப்பு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று அடுத்த முறை கழற்றும்போது கட்டாயம் பாருங்கள்.

கழற்றும்போது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்களுடையது ஸ்க்ரூ போட்ட பிரேம். கழற்ற முடிகிற ஒன்றை வாயில் வைத்துச் சரிசெய்யவே வேண்டாம். வெளியே எடுத்தால் எச்சில் இல்லை, ஈறிலிருந்து கசியும் நீர் இல்லை, சாண்ட்பிளாஸ்டைச் சரியான கோணத்தில் பிடிக்கலாம். பிரேம் இம்ப்ளாண்டில் உட்காரும் பரப்பில் மட்டும் மணல் படக் கூடாது. அங்கே அனலாகையோ (இம்ப்ளாண்டின் மாதிரித் துண்டையோ) பாலிஷிங் கேப்பையோ திருகி மூடிவிட்டு, ஸ்க்ரூ துளையை மெழுகாலோ டெஃப்லான் டேப்பாலோ அடைத்துக்கொண்டு அடியுங்கள். அடிக்க வேண்டாத பளபளப்பான, ஈறைத் தொடும் பகுதியையும் மூடிவிடுங்கள்; அது சொரசொரத்தால் அங்கே பிளாக் (கிருமிப் படிவு) சேரும்.

சிமென்ட் போட்டு ஒட்டிய பிரிட்ஜாக இருந்து கழற்றவே முடியாது என்றால் வாயில்தான் செய்தாக வேண்டும். அப்போது எச்சிலைத் தடுக்கும் ரப்பர் டேம், வேகமான சக்‌ஷன், நோயாளிக்கும் உங்களுக்கும் கண்ணாடி. நாற்காலிப் பக்கம் வைக்கும் சிறிய சாண்ட்பிளாஸ்டரை ஈறின் குழிக்குள் காற்று போகிற திசையில் ஒருபோதும் பிடிக்காதீர்கள். அழுத்தக் காற்று திசுவுக்குள் புகுந்து முகம் வீங்கும் ஆபத்து உண்மையானது. உடைந்த இடத்தில் உலோகம், பழைய காம்போசிட், சில நேரம் பல் என்று மூன்று பரப்பு ஒன்றாக இருக்கும். மூன்றையும் ஒரே ஆசிட்டால் சமாளிக்கப் பார்க்காமல், உலோகத்தையும் பழைய காம்போசிட்டையும் சிலிக்கா மணலால் அடித்து, எம்.டி.பி.யும் சிலேனும் சேர்ந்த பிரைமர் போட்டு, பல் தெரியும் இடத்துக்கு தனி ஆசிட் தேவைப்படாத செல்ஃப் எட்ச் முறையில் போவது நல்லது. ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இந்தச் சூழலில் வேண்டவே வேண்டாம். அது டைட்டானியத்தைக் கரைக்கும், திசுவுக்கும் பெரிய ஆபத்து.

டைட்டானியம் பேஸின் (இம்ப்ளாண்டில் திருகும் அடித்துண்டின்) மேல் ரெசின் அல்லது செராமிக் கிரவுனை லேபில் ஒட்டுவதற்கும் இதே விதிகள்தான். ஒரே வேறுபாடு, அங்கே ஒளி உள்ளே போகாது என்பதால் தானாகவும் இறுகும் சிமென்ட் வேண்டும், அது இறுகும்வரை அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாயில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு ஒட்டுவதானால், எச்சில் பட்ட பரப்பைத் தண்ணீரில் மட்டும் கழுவி ஒட்டாதீர்கள். ஐவோகிளீன் போன்ற சுத்திகரிப்பானை 20 நொடி போட்டுக் கழுவுங்கள், அல்லது மறுபடி லேசாக மணல் அடியுங்கள்.

இதுவரை சொன்னதில் எதையெல்லாம் அடித்துச் சொல்ல முடியும்? சாண்ட்பிளாஸ்ட் இல்லாமல் பிரைமர் மட்டும் நிற்காது. பிரைமர் இல்லாமல் சாண்ட்பிளாஸ்ட் மட்டும் போட்டது தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும். இரண்டும் சேர்ந்தால் நீடிக்கும். இதில் ஆய்வுகள் பெரிதாக முரண்படவில்லை. சிலிக்கா பூச்சும் சிலேனும் சிறந்ததா, அலுமினாவும் எம்.டி.பி.யும் சிறந்ததா என்பதில் முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சரியாகச் செய்தால் இரண்டுமே போதும் என்று நினைக்கிறேன், கையில் எது ஒழுங்காக வருகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டிலில் எல்லாம் இருக்கும் யுனிவர்சல் பாண்டில் உள்ள சிலேனை நான் அதிகம் நம்புவதில்லை, அமிலக் கலவையில் சிலேன் நாளாக நாளாகச் சக்தி இழக்கும். லேசரால் பரப்பைச் செதுக்குவது, பிளாஸ்மா, காரமும் பெராக்சைடும் சேர்த்து அரிப்பது எல்லாம் பரிசோதனைக்கூடத்தில் நல்ல எண்களைக் காட்டுகின்றன. ஆனால் வாயில் பல வருடம் நின்றதற்கான சான்று அவற்றுக்கு இன்னும் போதாது.

அந்த எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 10477 தரம் உலோகத்துக்கும் ரெசினுக்கும் இடையில் கேட்பது குறைந்தது 5 மெகாபாஸ்கல் ஒட்டு வலிமை. விளம்பரத் தாள்களில் 20, 30 என்று பார்ப்பீர்கள். ஒரு கூடத்தில் 24 வந்ததையும் இன்னொரு கூடத்தில் 15 வந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. துண்டின் அளவு, அதைத் தள்ளிப் பெயர்க்கும் கத்தி இறங்கும் இடம், வெந்நீரிலும் குளிர்நீரிலும் எத்தனை முறை முக்கி எடுத்தார்கள் என்று எல்லாமே மாறும். நீங்கள் பார்க்க வேண்டியது, ஊறப்போடுவதற்கு முன் இருந்த எண்ணுக்கும் ஆயிரக்கணக்கான சுழற்சிக்குப் பின் இருந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை. 28-லிருந்து 9-க்கு விழுகிற ஒன்றைவிட, 18-லிருந்து 15-க்கு இறங்குகிற ஒன்று நோயாளியின் வாயில் நம்பத் தகுந்தது.

உங்கள் நோயாளிக்கு இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிரேமைக் கழற்றுங்கள். அந்தப் பல்லில் மிச்சமுள்ள ஒபேக், பாண்ட் எல்லாவற்றையும் பரால் எடுங்கள். எரித்து நீக்கலாம் என்று ஃபர்னஸில் வைக்காதீர்கள், அதிகச் சூட்டில் டைட்டானியத்தின் மேல் தடித்த, தளர்ந்த ஆக்சைடு படியும், மிச்சமுள்ள பற்களின் காம்போசிட்டும் போய்விடும். இடம் இருந்தால் உலோகத்தில் இரண்டு சிறு பள்ளங்கள் வெட்டுங்கள். பிறகு மணல், சுத்தம், பிரைமர், மெல்லிய ஒபேக், காம்போசிட். திரும்பப் போட்டதும் கடியை நேராக மட்டும் பார்க்காமல், தாடையை முன்னுக்கும் பக்கவாட்டிலும் நகர்த்தச் சொல்லி, கடித் தடம் காட்டும் ஆர்டிகுலேட்டிங் பேப்பரில் பாருங்கள். அந்தப் பல்லில் மட்டும் கருத்த தடம் விழுந்தால் அதைக் குறையுங்கள். அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல்லை இவருக்குப் போடாதீர்கள், அது டைட்டானியத்தையும் அரிக்கும், காம்போசிட்டின் கண்ணாடித் துகளையும் அரிக்கும். நடுநிலை சோடியம் ஃபுளோரைடு போதும். பிளாக் எடுக்க வருகிறவரிடம் அந்த விளிம்பில் ஸ்கேலர் முனையை வைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இப்படிச் செய்தும் அதே பல்லில், அதே விளிம்பிலிருந்து மறுபடி உரிந்தால், நான்காவது முறை ஒட்ட முயலாதீர்கள். அது பிரேம் நெளிவதன் அடையாளம். நோயாளியிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தொங்கலின் நீளத்தையும் பிரேமின் தடிமனையும் அளந்து எழுதி, உடைந்த துண்டோடு லேபுக்கு அனுப்புங்கள்.